வெங்கலமும் சல்லடையும் பிடித்த கடைசிப் பேய்

ஒரு விடுகதை போடுகிறேன், பதில் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும், யார் கண்ணிலும் படாது. நடந்தால் சத்தம் கேட்காது. கூப்பிட்டால் வரும், ஆனால் யாரும் கூப்பிட மாட்டார்கள். அது என்ன?

பேய் என்றுதானே சொல்ல வந்தீர்கள்? வெள்ளூரணியில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள். துப்பறியும் வெங்கலமும் சல்லடையும்கூட அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரியா தப்பா என்பது கிடக்கட்டும், முதலில் அவர்கள் அந்த ஊருக்கு வந்த கதையைக் கேளுங்கள்.

வெள்ளூரணி மழை குறைந்த ஊர். மழை குறைந்த ஊரில் அச்சடித்த மை சீக்கிரம் காயும் என்பதால் அங்கே தெருவுக்குத் தெரு அச்சகம் இருந்தது. காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் நோட்டு அட்டையும் அங்கிருந்து நாலு திசைக்கும் போய்க்கொண்டிருக்க, தவசிக்கனி அண்ணாச்சியின் அச்சகத்திலிருந்து மட்டும் மாதம் ஒரு படக்கதைப் புத்தகம் போனது. 'வெங்கலம் – சல்லடை துப்பறிகிறார்கள்' என்பது அதன் பெயர். வெங்கலத்துக்குக் குடம் மாதிரி வயிறு, கோயில் மணி மாதிரிக் குரல். சல்லடைக்கு ஒல்லி உடம்பு, எதைச் சொன்னாலும் மண்டையில் தங்காது. இருவருக்கும் தொழில் பேய் பிடிப்பது. பேய் இருப்பதாகச் சொல்லப்படும் வீட்டுக்குப் போவார்கள், பட்டப்பகலில் டார்ச் அடிப்பார்கள், எலுமிச்சம்பழம் ஒன்றை உருட்டிவிட்டு அது போகிற இடமெல்லாம் பின்னாலேயே போவார்கள், பழம் தரைச்சரிவைப் பார்த்து ஓடிக் குளியலறைச் சாக்கடையில் விழும். கடைசியில் வீட்டுக்காரரையோ தபால்காரரையோ பக்கத்து வீட்டு எருமையையோ பேய் என்று கைதுசெய்து மணிக்கட்டில் சிவப்பு நூலைக் கட்டுவார்கள். எருமைக்கு மணிக்கட்டு எது என்று ஒரு புத்தகம் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

ஆனாலும் கேஸ் முடியும். எப்படி என்றால், இவ்வளவையும் பரண்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நிஜப் பேய் பொறுமை இழந்து இறங்கி வந்து, "சாமிகளா, உங்க தொல்லை தாங்கலை, நானே போயிடுறேன்" என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். போகும்போது வீட்டுச் சாவியைக் கதவோரத்து ஆணியில் மாட்டும். சாவி ஆணிக்கு வந்துவிட்டால் அந்தப் பேய் இனித் திரும்பாது என்று படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசிப் படக்கட்டம் அதுதான்: பை, திறந்த கதவு, ஆணியில் சாவி.

இந்தக் கதைகளை எழுதி, படம் போட்டு, பாத்திரங்களின் தலைக்குமேல் வரும் பேச்சுக்கூடுகளுக்குள் எழுத்தும் எழுதித் தந்தவள் எஸ்தர் ராஜம். புத்தகத்தில் அவள் பெயர் எங்கேயும் இருந்ததில்லை. முதல் புத்தகத்தில் இடம் போதவில்லை என்றார் அண்ணாச்சி, அடுத்ததில் மறந்துபோனார், அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. எஸ்தர் தம்பி ஜெபராஜின் வீட்டில், சாலையைப் பார்த்த சின்ன அறையில் இருந்தாள். தம்பியும் கெட்டவன் இல்லை, தம்பி மனைவி விமலாவும் கெட்டவள் இல்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், எப்போதும் ஒரு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள். எஸ்தரிடம் சொல்ல வேண்டியதை மகள் ஜெமிமாவிடம் சொல்லி அனுப்புவது அவர்களுக்குப் பழகிவிட்டது. "பாப்பா, அத்தைகிட்ட காப்பி ஆறுதுன்னு சொல்லு." "பாப்பா, சிலிண்டர்காரர் வந்தா கதவைத் திறக்கச் சொல்லு அத்தையை." ஜெமிமா தத்தி நடக்கிற வயதிலிருந்து இந்தச் செய்திகளைச் சுமந்துகொண்டு கூடத்துக்கும் சின்ன அறைக்கும் நடந்துகொண்டிருந்தாள். இப்போது நாலாம் வகுப்பு.

மணப்பாட்டில் எஸ்தரின் பள்ளிக்கூடத் தோழி பிலோமினா இருந்தாள். அவ்வப்போது போன் பண்ணுவாள். "ஒரு ரூம் சும்மாதான்டி கெடக்கு. கடல் சத்தத்தைத் தவிர ஒண்ணும் கேக்காது. வந்து கொஞ்ச நாள் சும்மா இருந்துட்டுப் போயேன்."

"இந்தப் புத்தகம் முடியட்டும்டி" என்பாள் எஸ்தர்.

புத்தகம் முடியும், அடுத்தது தொடங்கும், பிலோமினா மறுபடி போன் பண்ணுவாள்.

அப்படி ஒரு புத்தகம் முடிகிற நேரத்தில் எஸ்தருக்குக் கை ஓயவில்லை, மனசு ஓய்ந்துபோனது. அந்தக் கதையில் பேய் யார் என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. கடைசிப் பக்கம்வரை தள்ளிப்போட்டிருந்தாள், கடைசிப் பக்கத்திலும் கடைசிக் கட்டம்வரை தள்ளிப்போட்டிருந்தாள். பேனாவோடு அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது அது வெயிலில் காய்ந்த படுக்கை விரிப்பு மாதிரி வெள்ளையாக, சுத்தமாக, யாரும் யாரையும் துரத்தாமல் இருந்தது. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அப்படியே உறையில் போட்டு அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பினாள்.

"அண்ணாச்சி, கடைசிக் கட்டத்துல ஒண்ணுமே இல்லியே" என்றார் மிஷின் ஓட்டுகிறவர்.

"பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கிறாங்க போலய்யா. ஓட்டு, ஓட்டு" என்றார் அண்ணாச்சி.

புத்தகம் கடைக்கு வந்த அன்று காலையில் பெத்துராஜின் டீக்கடை பெஞ்சில் வெங்கலமும் சல்லடையும் உட்கார்ந்திருந்தார்கள்.

பெத்துராஜ் அவர்களைப் பார்த்தான், சர்க்கரை போடவா வேண்டாமா என்று கேட்டான். வெங்கலம் வாயைத் திறந்ததும் சொன்ன சொல் தலைக்குமேல் வெள்ளைக் கூடாக உருண்டு திரண்டு நின்றது: "ரெண்டு ஸ்ட்ராங்! பேயைத் தேடி வந்தோம். கதையில காணோம்!" கூடு மெல்ல மேலே போய் மின்விசிறியில் இடித்தது. பெத்துராஜ் ஒட்டடைக் குச்சியால் அதை வெளியே தள்ளிவிட்டு, "பேசறதுன்னா வெளிய நின்னு பேசுங்கப்பா, ஃபேன் கெட்டுரும்" என்றான். வெள்ளூரணி அவர்களை ஏற்றுக்கொண்டது அவ்வளவுதான். மலிவுப் புத்தகத்தில் நிறம் கோட்டுக்குள் அடங்கி விழாது என்பதால் சல்லடையின் சிவப்புச் சட்டை தோளைவிட்டு விரற்கடை தள்ளியே நின்றது, அவனோடு நடக்கிறவர்கள் அந்த விரற்கடைக்கும் இடம்விட்டு நடக்கப் பழகினார்கள். எஸ்தர் அவர்களின் முதுகை வரைந்ததே இல்லை, ஆகவே பின்னாலிருந்து பார்த்தால் இருவரும் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெங்கலத்தின் முதுகில் வகுத்தல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், அவரும் கணக்கு முடிகிறவரை அசையாமல் நின்றார். மின்கம்பியில் சிக்கிய பேச்சுக்கூடுகளை லைன்மேன் வாரம் ஒருமுறை துரட்டியால் இழுத்துப் போட்டார். அவற்றில் பாதி "பிடிடா! விடாதே!" என்றும் மீதி "யாரை?" என்றும் இருந்தன.

பேய் கிடைக்காமல் அவர்கள் வீடு திரும்ப முடியாது, ஆகவே ஊரில் வீடுவீடாகத் தேடத் தொடங்கினார்கள்.

முதலில் போனது மாவு மில் பொன்பாண்டியின் வீட்டுக்கு. மத்தியானத்தில் பின்கட்டில் ஏதோ உருளுகிறது என்று பொன்பாண்டியே கூட்டிப்போனார். எலுமிச்சம்பழம் வழக்கம்போலச் சாக்கடையில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்த சல்லடை, சாக்குமூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கட்டிலையும் கட்டிலில் ஒரு கிழவரையும் கண்டான். பேயைக் கண்டுபிடிக்க முதல் புத்தகத்திலேயே எஸ்தர் அவர்களுக்கு ஒரு விதி எழுதிக் கொடுத்திருந்தாள்: ஒரு வீட்டில் யாரோடு யாரும் பேசுவதில்லையோ, அதுதான் பேய். வேடிக்கைக்காக எழுதியது. சிரிப்பதற்குத்தான் எழுதியிருக்கிறாள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"இதோட யாராவது பேசுவீங்களா?" என்று வெங்கலம் கேட்டார்.

"அவரு எங்க சித்தப்பாய்யா" என்றார் பொன்பாண்டி.

"அதைக் கேக்கலை. பேசுவீங்களா?"

பொன்பாண்டி மேலே பார்த்தார். சிவப்பு நூல் கட்டப்பட்டது. "நான் பேயி இல்லப்பா, தம்ளர் கீழ விழுந்துச்சு, எடுக்க முடியலை" என்றார் கிழவர். "எல்லாப் பேயும் இதத்தான் சொல்லும்" என்றான் சல்லடை. கைத்தாங்கலாகத் தெருவழியே டீக்கடைக்கு அழைத்து வந்து பெஞ்சில் உட்காரவைத்து விசாரணை தொடங்கினார்கள். வழியெல்லாம் சனங்கள் நின்று பார்த்தார்கள். "அட, சங்கரலிங்கம் மாமா! நீங்க இருக்கீங்களா?" என்றான் பெத்துராஜ், கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். கிழவர் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கேட்டார். பழைய பம்புசெட்டு விவகாரம் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்துச் சாயங்காலம்வரை சொன்னார். பேய் தானாகக் கிளம்புமா என்று பார்த்திருந்த துப்பறிவாளர்கள், அது கிளம்புகிற மாதிரியே இல்லை என்பதால், இது தங்கள் பேய் இல்லை என்று முடிவுசெய்து நூலை அவிழ்த்துக் கொண்டுபோய் வீட்டில் விட்டார்கள்.

அடுத்து ஜவுளிக்கடை வீட்டில், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுக்களையைவிட்டு வெளியே வராத மருமகளைப் பிடித்தார்கள். நோட்டு பைண்டிங் கடையில் மூலையில் பசை தடவுகிற விதவைப் பெண்ணைப் பிடித்தார்கள். மாதாகோயில் தெருவில் திக்குவாய் என்று எல்லாரும் பேசவிடாமல் செய்திருந்த ஒரு மனிதரைப் பிடித்தார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கிறவரை வெங்கலமும் சல்லடையும் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்கள், ஏனென்றால் குறுக்கே பேச அவர்களுக்குத் தெரியாது, படக்கதைக் கட்டத்துக்குள் ஒருவர் பேசி முடித்தபின்தான் அடுத்தவர் பேச முடியும்.

ஊர் வெட்கப்பட்டது. வெட்கம் பெரிதாகிப் பயமானது. நம் வீட்டிலிருந்து ஒருவரைப் பேய் என்று நூல் கட்டித் தெருவழியே கூட்டிப்போனால் எப்படி இருக்கும் என்று நினைத்து, சனங்கள் முந்திக்கொண்டார்கள். வெங்கலத்தின் குரல் தெருமுனையில் கேட்டதும் வீட்டுக்கு வீடு, "பெரியம்மா, சாப்ட்டீங்களா?" "அத்தாச்சி, கால்வலி எப்படி இருக்கு?" என்று சத்தமாக விசாரிப்பு எழும். அவர்கள் தெருவைக் கடந்துபோனதும் அடங்கும். சில வீடுகளில் அடங்கவில்லை. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது, பதில் வந்தபின் பாதியில் எழுந்துபோக முடியவில்லை. பொன்பாண்டி சித்தப்பாவின் கட்டிலை முன்கட்டுக்கு மாற்றினார், பம்புசெட்டுக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் மில்லிலேயே அதிக நேரம் இருந்தார், ஆனாலும் கட்டிலைத் திரும்ப மாற்றவில்லை.

இதையெல்லாம் எஸ்தர் சின்ன அறையின் சன்னல்வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் எழுதியவர்கள் தன் சன்னலுக்குக் கீழே நடந்துபோவது அவளுக்கு அதிசயமாக இல்லை. அவர்கள் வெளுத்துக்கொண்டு வருவதுதான் கண்ணில் பட்டது. மலிவு மை வெயில் தாங்காது. வெங்கலத்தின் மஞ்சள் வேட்டி முதலில் போனது, சல்லடையின் சிவப்பு இளஞ்சிவப்பானது, கோடுகள் அங்கங்கே விட்டுப்போயின. கோடையும் வந்துகொண்டிருந்தது. கடைசிக் கட்டத்தை வரைந்து முடித்தால் அவர்கள் வீடு போய்ச் சேருவார்கள். முடிக்காவிட்டால் தெருவிலேயே வெள்ளைத் தாளாகிவிடுவார்கள். தினமும் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேய் யார் என்று தெரியாமல் என்ன வரைவது?

அண்ணாச்சி ஆள் அனுப்பினார். வந்தவர் வாசலில் நின்று ஜெமிமாவிடம் சொன்னார், ஜெமிமா உள்ளே வந்து சொன்னாள்: "அடுத்த புத்தகம் எப்போன்னு கேக்காங்க அத்தை."

"கை வலிக்குன்னு சொல்லு."

ஜெமிமா போகவில்லை. "நெஜமா வலிக்கா?"

"கை இல்ல பாப்பா. எல்லாம்தான்" என்றாள் எஸ்தர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து எல்லாரும் வீட்டில் இருந்த நேரத்தில், வெங்கலமும் சல்லடையும் அந்த வீட்டுக்கு வந்தார்கள். ஜெபராஜ் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தான். "எங்க வீட்ல பேயெல்லாம் இல்ல சார். தாராளமாப் பாருங்க." எலுமிச்சம்பழம் உருண்டது. அந்த வீட்டின் தரை சாலைப்பக்கம் சரிந்திருந்ததால் பழம் குளியலறைக்குப் போகாமல் சின்ன அறைக்குள் போய் எஸ்தரின் நாற்காலிக்காலில் முட்டி நின்றது. முதல் தடவையாக அது ஒரு மனுஷியிடம் போயிருந்தது.

"பேரு?" என்றார் வெங்கலம்.

"எஸ்தர்."

"கேள்விப்பட்டதில்லையே" என்றார் வெங்கலம். சல்லடையும் யோசித்துப் பார்த்து இல்லை என்றான். அவர்கள் புத்தகத்தில் எங்கும் அந்தப் பெயர் இல்லை.

"அது எங்க அக்கா சார்" என்றான் ஜெபராஜ்.

"பேசுவீங்களா?"

"என்ன இப்படிக் கேக்கீங்க? பேசாம என்ன?"

"கடைசியா என்ன பேசினீங்க?"

ஜெபராஜ் யோசித்தான். விமலாவைப் பார்த்தான், விமலா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் திரும்பி மகளிடம் கேட்டான்: "பாப்பா, அத்தைகிட்ட நாம கடைசியா என்ன சொன்னோம்?"

வெங்கலம் கண்ணைக் காட்டினார். சல்லடை சிவப்பு நூலை எடுத்து எஸ்தரின் வலது மணிக்கட்டில் கட்டி, மறுமுனையை மேசைக்காலில் முடிந்தான். அவர்களை வரைகிற கை அதுதான். அவர்கள் செய்த எத்தனையோ தவறுகளில் அதுவும் ஒன்று. கட்டியவர்களே அவிழ்த்தாலொழிய, பேய் கிளம்பாமல் நூல் அவிழாது என்பதும் அவள் எழுதிய விதிதான், இழுத்துப் பார்த்தாள், அவிழவில்லை.

சல்லடை தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் தலைக்குமேல் எழுந்த கூட்டில் எழுத்துக்கள் மங்கலாக இருந்தன: "ரொம்ப அசதியா இருக்கும்மா."

"எனக்கும்தான்பா" என்றாள் எஸ்தர்.

"எத்தனை வீடு" என்றார் வெங்கலம். மணிக்குரல் தகரமாகியிருந்தது. "எல்லா எடத்துலயும் தப்பாத்தான் பிடிச்சோம். ஒரு தடவையாவது சரியா பிடிச்சோமான்னு இந்தத் தடவை நீங்கதான் சொல்லணும்."

எஸ்தர் அவருடைய வெளுத்த வேட்டியைப் பார்த்தாள், அதன் கரையை எத்தனை ராத்திரி பகல் சின்னச் சின்னக் கோடாக இழுத்திருக்கிறாள் என்று நினைத்தாள். "சரியாத்தான் பிடிச்சிருக்கீங்க" என்றாள்.

"மதினி!" என்றாள் விமலா. அந்த அறைக்குள் நேராக எஸ்தரைப் பார்த்து அவள் பேசியது வெகுநாளைக்குப் பிறகு. "அப்படியெல்லாம் சொல்லாதீங்க மதினி. வேலைக்கு ஓடுற ஓட்டத்துல... இனிமே நானே வந்து கூப்பிடுறேன், சேர்ந்து சாப்பிடுவோம்."

"கோவமா சொல்லலை விமலா. நான் மணப்பாடு போகணும். பிலோமினா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. சும்மா இருக்கணும் கொஞ்சம்."

"எத்தனை நாளைக்கு?" என்றான் ஜெபராஜ்.

எஸ்தர் மேசைப்பக்கம் திரும்பினாள். மேசைமேல் புத்தகம் திறந்திருந்தது, கடைசிப் பக்கத்தில் கடைசிக் கட்டம் வெள்ளையாக இருந்தது. அவள் இடதுகையால் பேனாவை எடுத்து ஜெமிமாவிடம் நீட்டினாள். "நீ வரை பாப்பா."

"எனக்கு உங்களை மாதிரி வராதே."

"வர்ற மாதிரி வரை."

ஜெமிமா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"அத்தை வீட்டுக்குள்ள உக்காந்து சாப்பிடுற மாதிரி போடு பாப்பா. சிரிச்ச மொகமா" என்றான் ஜெபராஜ்.

"பேய் போகலைன்னா கேஸ் முடியாது சார்" என்றார் வெங்கலம். "நாங்களும் போக முடியாது." அவருடைய வலதுகாதின் கோடு அப்போதுதான் அழிந்துகொண்டிருந்தது.

"போனா அப்புறம் சாவியை ஆணியில மாட்டணும்" என்று விமலா மெல்லச் சொன்னாள். அவளும் சின்ன வயதில் அந்தப் புத்தகங்களைப் படித்தவள்தான். ஆணியில் சாவி தொங்கினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

ஜெமிமா அத்தையைப் பார்த்தாள். "என்ன போட?"

"உன் இஷ்டம்" என்றாள் எஸ்தர்.

இத்தனை வருஷம் இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கம் கொண்டுபோனவள் ஜெமிமா. யாரும் எதுவும் சொல்லி அனுப்பாதது இதுதான் முதல் தடவை. அவள் பேனாவின் மூடியைக் கழற்றிப் பின்னால் செருகினாள். முதலில் கதவை வரைந்தாள், திறந்த கதவு. வாசலுக்கு வெளியே அத்தையை வரைந்தாள், கண்ணாடி போட்ட அத்தை, தோளில் பை. பை கொஞ்சம் கோணலாக வந்தது. மூலையில் சின்னதாக வெங்கலத்தையும் சல்லடையையும் வரைந்தாள், அவர்கள் அந்தப் பக்கமாகத் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள், இருவருக்கும் முதுகு போட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது அறைக்குள் வெங்கலமும் சல்லடையும் இல்லை. எலுமிச்சம்பழம் மட்டும் நாற்காலிக்காலடியில் கிடந்தது. எஸ்தரின் மணிக்கட்டிலிருந்து நூல் நழுவி விழுந்தது.

பிறகு ஜெமிமா ஆணியை வரைந்தாள். அதில் எதையும் மாட்டவில்லை. சாவியை அத்தையின் கையில் வரைந்தாள்.